ஊர் ஓட்டு எந்தப் பக்கம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பேரூராட்சிகளிலிருந்தும் அவற்றைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் வந்தவை. கேட்டிருப்பதும் ஏறக்குறைய ஒன்றேதான்: எங்கள் ஊர் எந்தக் கட்சிக்கான ஊர், அது ஏன் தேர்தலுக்குத் தேர்தல் மாறுகிறது, கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி? அவற்றிலிருந்து எட்டுக் கேள்விகளை எடுத்துக்கொண்டோம்.

எங்கள் பகுதியை எல்லோரும் 'இரட்டை இலைக் கோட்டை' என்பார்கள். 2019-இல் ஒரே நாளில் எம்.பி.க்கு ஒரு பக்கமும் எம்.எல்.ஏ.வுக்கு இன்னொரு பக்கமும் ஓட்டு விழுந்தது. ஒரே வாக்காளர் எப்படி இரண்டு மாதிரி யோசிப்பார்?
(மளிகைக் கடைக்காரர், ஆண்டிபட்டி)

உங்கள் ஊர் இந்தக் கேள்விக்குப் பாடநூல் மாதிரி. 1984-இல் எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே வென்ற தொகுதி ஆண்டிபட்டி. ஜெயலலிதா 2002 இடைத்தேர்தலிலும் 2006-லும் நின்று ஜெயித்த தொகுதியும் அதுவே. 2019 ஏப்ரல் 18 அன்று தேனி மக்களவைத் தொகுதியில் அ.தி.மு.க. வேட்பாளர் ரவீந்திரநாத் குமார் சுமார் 76 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தமிழ்நாட்டில் அந்தக் கூட்டணிக்குக் கிடைத்த ஒரே மக்களவை இடம் அது. அதே நாளில், அதே தேனித் தொகுதிக்குள் அடங்கிய ஆண்டிபட்டி, பெரியகுளம் சட்டமன்ற இடைத்தேர்தல்கள் இரண்டிலும் தி.மு.க. ஜெயித்தது.

இது தேனியில் மட்டும் நடந்ததல்ல. தர்மபுரியில் அப்படியே தலைகீழ். மக்களவைக்குத் தி.மு.க. வேட்பாளர் செந்தில்குமார், பா.ம.க.வின் அன்புமணி ராமதாஸைச் சுமார் 70 ஆயிரம் வாக்கில் வென்றார். அதே நாளில் அந்தத் தொகுதிக்குள் இருக்கும் அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் சட்டமன்ற இடைத்தேர்தலை அ.தி.மு.க. வென்றது.

இந்த முடிவுகளைச் சின்னத்தை வைத்துப் பாருங்கள். தேனி மக்களவைக்கு இலையை எதிர்த்து நின்றது காங்கிரஸின் கை. தர்மபுரி மக்களவைக்கு உதயசூரியனை எதிர்த்து நின்றது பா.ம.க.வின் மாம்பழம். இரண்டு இடத்திலும் பெரிய கட்சியின் சொந்தச் சின்னம் வென்றது, எதிரணியின் கூட்டணிக் கட்சிச் சின்னம் தோற்றது. தலைமுறையாகச் சூரியனுக்கோ இலைக்கோ போட்டுப் பழகிய வாக்காளர், தலைமை சொன்னாலும் வேறு சின்னத்துக்கு முழு மனதோடு மாறுவதில்லை. கட்சிக்காரர்கள் 'ஓட்டு மாறி விழவில்லை' என்று புலம்புவது இதைத்தான்.

மற்ற காரணங்களும் சேர்ந்தன. தேனியில் தங்க தமிழ்ச்செல்வன் அ.ம.மு.க. சார்பில் நின்று 1.4 லட்சம் வாக்குக்கு மேல் வாங்கினார். ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் தி.மு.க.வின் மகாராஜனும் அ.தி.மு.க.வின் லோகிராஜனும் உடன்பிறந்தவர்கள். குடும்ப ஓட்டும் சொந்தக்கார ஓட்டும் கட்சி வாரியாகப் பிரிய வழியே இல்லை. 2019-இல் மாநிலம் முழுக்க நடந்த 22 சட்டமன்ற இடைத்தேர்தல்களின் முடிவை நம்பித்தான் அன்றைய மாநில அரசின் பெரும்பான்மையும் இருந்தது (தி.மு.க. 13, அ.தி.மு.க. 9). ஆக, ஒரு பட்டனில் டெல்லிக்கு யார் என்ற கேள்வி, இன்னொன்றில் சென்னையில் ஆட்சி நீடிக்கலாமா என்ற கேள்வி. கேள்வி வேறாக இருந்ததால் பதிலும் வேறாக வந்தது. வாக்காளர் குழம்பிவிட்டார் என்று இதைச் சொல்வது தவறு.

எங்கள் பேரூராட்சியில் எந்தத் தெரு எந்தக் கட்சிக்குப் போட்டது என்பதைக் கல்லூரித் திட்டப்பணிக்காக ஆராய்கிறேன். பூத் வாரியான விவரம் எங்கே கிடைக்கும்? எப்படி ஒப்பிடுவது?
(அரசியல் அறிவியல் மாணவி, அரூர்)

உங்களுக்கு வேண்டியவை இரண்டு ஆவணங்கள்: படிவம் 20 (சாவடி வாரியான வாக்கு எண்ணிக்கைத் தாள்), அந்தந்த ஆண்டின் வாக்குச்சாவடிப் பட்டியல். இரண்டும் தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதி எண் வாரியாக இருக்கும். ஆண்டிபட்டி 198, பெரியகுளம் 199 என்பது போல ஒவ்வொரு தொகுதிக்கும் எண் உண்டு. மக்களவைத் தேர்தலின் படிவம் 20-உம் சட்டமன்றத் தொகுதி வாரியாகவே இருக்கும். அதனால் இரண்டு வகைத் தேர்தலையும் ஒப்பிட முடியும்.

முதலில் வாக்குச்சாவடிப் பட்டியலை எடுங்கள். சாவடி எண், பள்ளிக் கட்டடத்தின் பெயர், அதில் அடங்கும் வார்டுகள், தெருக்கள், 'அனைத்து வாக்காளர்கள்', 'ஆண்கள்', 'பெண்கள்' என்ற குறிப்பு ஆகியவை அதில் உண்டு. உங்கள் பேரூராட்சிக்கு உரிய சாவடிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஆண், பெண் என்று தனிச் சாவடி இருக்கும் ஊர் கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள். பெண்கள் ஓட்டு எந்தப் பக்கம் என்று ஊகிக்காமல் எண்ணிச் சொல்ல முடிகிற இடங்கள் அவை மட்டும்தான்.

அடுத்து படிவம் 20. ஒரு வரிசைக்கு ஒரு சாவடி. ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்தது, செல்லத்தக்க வாக்கின் மொத்தம், நிராகரிக்கப்பட்டவை, நோட்டா, மொத்தம், டெண்டர் ஓட்டு என்று கட்டங்கள் போகும். பழைய ஆண்டுகளின் கோப்புகள் பெரும்பாலும் ஸ்கேன் செய்த தாள்கள். கணினியை விட்டு எண்களைப் படிக்கச் சொன்னால் 0 எதுவோ 6 எதுவோ தெரியாமல் குழப்பும். அதனால் ஒவ்வொரு வரிசையிலும் வேட்பாளர்களின் வாக்குகளைக் கூட்டி, 'செல்லத்தக்க வாக்கு' கட்டத்தோடு ஒத்துப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் நோட்டா சேராது. சேர்த்துக் கூட்டிவிட்டு 'கணக்கு இடிக்கிறது' என்று பலர் தவிப்பார்கள்.

இனி பெரும்பாலோர் சறுக்கும் இடங்கள்.

2021-இல் கொரோனா காரணமாக ஒரு சாவடிக்கு வாக்காளர் உச்சவரம்பு ஆயிரத்தை ஒட்டிக் குறைக்கப்பட்டது. அதனால் துணைச் சாவடிகள் ஏராளமாக முளைத்தன. தமிழ்நாட்டில் மொத்தச் சாவடிகள் 88 ஆயிரத்தைத் தாண்டின. 112 என்ற சாவடி 112, 112ஏ என்று இரண்டாகியிருக்கும். 2019, 2024-ஓடு ஒப்பிட வேண்டுமானால் அந்த இரண்டையும் கூட்டி ஒன்றாக்குங்கள். இதைச் செய்யாத ஒப்பீட்டில், 'இந்த பூத்தில் பாதி ஓட்டு காணோம்' என்ற அபத்தமான முடிவுதான் வரும். எண் அப்படியே இருந்தாலும் தெருக்கள் மாறியிருக்கலாம். எண்ணை நம்பாமல் தெருப் பெயரை வைத்து இணையுங்கள்.

2006-ஐயும் 2011-ஐயும் ஒப்பிடாதீர்கள். 2008-இல் தொகுதி மறுவரையறை அமலுக்கு வந்து எல்லைகள் மாறிவிட்டன. 2009 மக்களவைத் தேர்தலிலிருந்து தொடங்குவது பாதுகாப்பு.

தபால் வாக்கு எந்தச் சாவடி வரிசையிலும் வராது, கடைசியில் தனியாக இருக்கும். பேரூராட்சியில் ஆசிரியர், போலீஸ், அரசு ஊழியர் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் தெரு இருந்தால், தேர்தல் பணிக்குப் போன அவர்களின் ஓட்டு அந்தத் தெருவின் கணக்கில் குறையும்.

ஒரு சாவடியின் வரிசை வெறுமையாக இருந்தால் திகைக்க வேண்டாம். வாக்குப்பதிவுக்கு முன் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி வாக்குகள் போட்டுப் பார்த்து, பிறகு அவற்றை அழித்துவிட்டுத்தான் உண்மையான பதிவைத் தொடங்குவார்கள். அவசரத்தில் அழிக்க மறந்தால் அந்த இயந்திரத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். வெற்றி வித்தியாசம் அந்தச் சாவடியின் வாக்குகளுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் மட்டும் விவிபேட் (போட்ட வாக்கை அச்சிட்டுக் காட்டும் கருவி) சீட்டுகளை எண்ணுவார்கள்.

கடைசியாக, சதவீதத்தை மட்டும் எழுதாதீர்கள். ஒரு கற்பனைச் சாவடியை எடுத்துக்கொள்வோம்: 2021-இல் 900 பேர் வாக்களித்து ஒரு கட்சிக்கு 405 விழுந்தது, அதாவது 45 சதவீதம். 2024-இல் 760 பேர் வாக்களித்து 365 விழுந்தது, 48 சதவீதம். 'மூன்று சதவீதம் வளர்ந்தது' என்று மேடையில் பேசுவார்கள். உண்மையில் 40 ஓட்டு குறைந்திருக்கிறது. எதிரணி ஆட்கள் வராததால் சதவீதம் ஏறியது. தமிழ்நாட்டில் மக்களவைக்கு வருகிற கூட்டம் சட்டமன்றத்துக்கு வருவதைவிடக் குறைவு (2024-இல் 70 சதவீதத்தைத் தொடவில்லை, 2021-இல் 72-ஐத் தாண்டியது) என்பதால் இந்தத் தவறு அடிக்கடி நடக்கும். வாக்கு எண்ணிக்கை, பதிவான வாக்கில் சதவீதம், மொத்த வாக்காளரில் சதவீதம் என மூன்று கட்டம் போட்டுவிடுங்கள்.

எங்கள் ஊரில் எந்தக் கட்சிக்கு ஆடாத ஓட்டு எவ்வளவு என்று கணிப்பது எப்படி? கூட்டணி மாறிக்கொண்டே இருப்பதால் பிடிபடவில்லை.
(கிளைச் செயலாளர், கடலூர் மாவட்டம்)

கூட்டணி மாறாத அணியிலிருந்து தொடங்குங்கள். 2019, 2021, 2024 மூன்றிலும் தி.மு.க. அணியில் காங்கிரஸ், வி.சி.க., இரு கம்யூனிஸ்ட் கட்சிகள், ம.தி.மு.க., முஸ்லிம் லீக் என்று முக்கியக் கட்சிகள் அப்படியே இருந்தன. உங்கள் சாவடியில் இந்த மூன்று தேர்தலில் அந்த அணி வாங்கிய மிகக் குறைந்த வாக்கு எண்ணிக்கை எதுவோ, அதை அணியின் அடிமட்டம் என்று கொள்ளலாம். அணியின் அடிமட்டம்தான், தனிக் கட்சியின் அடிமட்டம் அல்ல.

எதிர்ப்பக்கம் அவ்வளவு சுலபமில்லை. பா.ம.க. 2016-இல் தனியாக நின்றது, 2019, 2021-இல் அ.தி.மு.க.வோடு, 2024-இல் பா.ஜ.க.வோடு. பா.ஜ.க.வும் 2019, 2021-இல் அ.தி.மு.க. அணியில் இருந்துவிட்டு 2024-இல் தனி அணி கண்டது. தே.மு.தி.க. 2011-இல் அ.தி.மு.க.வோடு, 2014-இல் பா.ஜ.க.வோடு, 2016-இல் மக்கள் நலக் கூட்டணியோடு, 2019-இல் அ.தி.மு.க.வோடு, 2021-இல் அ.ம.மு.க.வோடு, 2024-இல் மீண்டும் அ.தி.மு.க.வோடு. இங்கே அணி வாரியாகக் கூட்டுவது பயன் தராது. உங்கள் மாவட்டத்தில் பா.ம.க.வுக்கு 2016-இல் சாவடி வாரியாக எவ்வளவு விழுந்தது என்று தனியே எடுங்கள். அதைப் பிற ஆண்டுகளின் அணிக் கணக்கிலிருந்து கழித்துப் பார்த்தால் அ.தி.மு.க.வின் சொந்த ஓட்டு தோராயமாகக் கிடைக்கும். தோராயம்தான். 2016-இல் மாம்பழத்துக்குப் போட்டவர் எல்லாரும் 2021-இல் இலைக்குப் போட்டார்கள் என்று யாரும் உறுதி தர முடியாது. தேனியிலும் தர்மபுரியிலும் பார்த்தது அதைத்தானே.

மூன்றாவது கட்சியின் ஓட்டை அசையாச் சொத்தாக எண்ண வேண்டாம். தே.மு.தி.க. 2006-இல் மாநில அளவில் 8 சதவீதத்துக்கு மேல் வாங்கியது, 2016-இல் இரண்டரைக்கும் கீழே போய்விட்டது. நாம் தமிழர் கட்சி எதிர்த்திசையில் வந்தது: 2016-இல் ஒரு சதவீதம், 2019-இல் நாலுக்கு அருகில், 2021-இல் ஆறரை, 2024-இல் எட்டு. கரும்பு விவசாயி சின்னம் கைநழுவி, மைக் சின்னத்தில் நின்ற தேர்தலில்தான் அந்த எட்டும் வந்தது. இப்படிப்பட்ட ஓட்டில் பெரும்பங்கு வயதில் இளைய பெயர்கள் புதிதாகச் சேரும் பாகங்களிலிருந்து (சாவடிக்கு ஒன்றாகப் பிரித்த பட்டியல் பகுதிகள்) வருகிறதா என்று வாக்காளர் பட்டியலை வைத்து உங்கள் ஊரில் சரிபார்க்கலாம்.

எம்.எல்.ஏ. தேர்தலில் கட்சி பார்த்துப் போடும் எங்கள் ஊர், பேரூராட்சி வார்டுக்குச் சுயேச்சையைத் தேர்ந்தெடுக்கிறது. கட்சிப் பற்று எங்கே போனது?
(ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், ஈரோடு மாவட்டம்)

அளவைப் பாருங்கள். ஒரு சட்டமன்றத் தொகுதியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். பேரூராட்சி வார்டில் பல இடங்களில் ஐந்நூறு, அறுநூறு பேர்தான். அதில் 450 ஓட்டு பதிவாகி நான்கு பேர் நின்றால் 160 வாங்கியவர் ஜெயித்துவிடுவார். அந்த 160 என்பது நாற்பது, ஐம்பது வீடுகள். பங்காளி வீடு, மாமன் மச்சான் வீடு, மகளிர் குழு, ஒரு தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வாங்கிக் கொடுத்த நன்றி, இவ்வளவு போதும். வேட்பாளரை நேரில் தெரிந்த இடத்தில் சின்னத்தின் பலம் குறையும். முகம் தெரியாத இடத்தில் சின்னமே முகம்.

2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புறத் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடந்தது; நோட்டா கிடையாது. தலைவரை 2011-இல் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022-இல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். 15 வார்டு ஊரில் எட்டுப் பேர் கையில் இருந்தால் தலைவர் நாற்காலி. 7, 5 என்று பிரிந்து மூன்று சுயேச்சைகள் ஜெயித்தால், அந்த மூவரும்தான் ஊரின் முடிவை எழுதுவார்கள். கட்சித் தாவல் தடைச் சட்டமான பத்தாவது அட்டவணை நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கே பொருந்தும். கவுன்சிலரை அது கட்டாது. 2022 மார்ச் 4 மறைமுகத் தேர்தலில், கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகள் சிலவற்றைத் தி.மு.க.வினரே போட்டியிட்டுப் பிடித்ததும், அவர்கள் பதவி விலக வேண்டும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் உத்தரவிட வேண்டி வந்ததும் நினைவிருக்கும்.

இன்னொன்றையும் கணக்கில் சேருங்கள். வார்டு மட்டத்தில் ஆளுங்கட்சி மேல் ஒரு சாய்வு இருக்கும். 2011 அக்டோபரில் அ.தி.மு.க. வாரிச் சுருட்டியது, 2022-இல் தி.மு.க. வாரிச் சுருட்டியது. சாலை, சாக்கடை, தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் நிதி மேலிருந்து வர வேண்டும் என்பது ஊருக்குத் தெரியும். எனவே உள்ளாட்சி முடிவை வைத்து அடுத்த சட்டமன்றத்தைக் கணிப்பவர்கள் கையைச் சுட்டுக்கொள்வார்கள். கிராம ஊராட்சி வேறு வகை. அங்கே வார்டு உறுப்பினர், தலைவர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னமே கிடையாது. அதே வாக்காளர் ஒன்றியக் குழுவுக்குத் தரும் பச்சைச் சீட்டிலும் மாவட்ட ஊராட்சிக்குத் தரும் மஞ்சள் சீட்டிலும்தான் கட்சி வரும். கிராமத்தின் கட்சிச் சாய்வு தெரிய வேண்டுமானால் அந்த இரண்டு சீட்டின் கணக்கைப் பாருங்கள். இளஞ்சிவப்புச் சீட்டில் தேர்வாகும் தலைவரை அல்ல.

பக்கத்து ஊராட்சியில் தலைவர் பதவியைக் கோயில் திடலில் ஏலம் விட்டுப் 'போட்டியின்றித் தேர்வு' என்கிறார்கள். கோயில் கட்டப் பணம் வருகிறதே, ஊர் ஒற்றுமைதானே என்கிறார்களே?
(வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்)

ஒற்றுமை அல்ல. ஏலத்தில் கேட்க முடியாதவரின் ஓட்டைப் பிடுங்கிக்கொள்வது. மனுத் தாக்கல் செய்ய வருபவரை மிரட்டியோ பணம் கொடுத்தோ விலக வைப்பது தேர்தல் குற்றம். ஏலத் தொகையைப் போட்டவர் அதை எங்கிருந்து திரும்ப எடுப்பார் என்பதையும் ஊர் யோசிக்க வேண்டும்: ஊராட்சிக் கணக்கிலிருந்துதான்.

'ஊர் கூடி முடிவு செய்தது' என்ற சொல் யாரை வெளியே நிறுத்தப் பயன்பட்டது என்று வரலாறு சொல்கிறது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளும் 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. மனுப் போட ஆள் இல்லாமல் செய்வது, ஜெயித்தவரை உடனே பதவி விலக வைப்பது என்று பத்து ஆண்டுகள் அங்கே தேர்தலை நடத்தவிடாமல் தடுத்தார்கள். 2006-இல்தான் முறையாக நடந்தது. மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்வான முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். அந்த ஒரு வாக்குச்சீட்டுக்கு இவ்வளவு விலை கொடுத்திருக்கிறார்கள். ஏலம் நடக்கும் தகவல் தெரிந்தால் மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் வேட்புமனு நாட்களுக்குள்ளேயே எழுதுங்கள். தேர்வு அறிவித்த பிறகு வழக்குதான் வழி, அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

பணம் வாங்கிய ஓட்டு, கொடுத்தவருக்கே போகிறதா?
(டீக்கடை உரிமையாளர், திருமங்கலம்)

2009 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலால் உங்கள் ஊர்ப் பெயரே பணம் கொடுத்து ஓட்டு வாங்கும் ஒரு 'ஃபார்முலா'வின் பெயராகிவிட்டது வருத்தத்துக்குரியது. பணம் தனியாக எத்தனை ஓட்டைத் திருப்பியது என்று படிவம் 20-இல் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் கொடுக்கும் ஊரில் அது ஓட்டைத் திருப்புவதைவிட, கொடுக்காதவரைப் போட்டியிலிருந்தே வெளியேற்றுகிறது. நல்ல ஆள் நிற்கத் துணியாதது அதன் முதல் சேதம். பணப் பட்டுவாடா காரணமாக 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் தேர்தலையே ரத்து செய்து பிறகு நடத்தினார்கள்.

கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு. புகாருக்குச் சி-விஜில் செயலி இருக்கிறது. அந்த இடத்திலேயே செயலிக்குள் படமோ இரண்டு நிமிடக் காணொளியோ எடுத்து, ஐந்து நிமிடத்துக்குள் அனுப்ப வேண்டும். ஏற்கெனவே போனில் எடுத்து வைத்த படத்தை அது ஏற்காது. பல புகார்கள் இதனால்தான் போய்ச் சேருவதில்லை. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். செயலி இல்லாதவர்கள் 1950-ஐ அழைக்கலாம்.

'எங்கள் ஊரில் வாக்குப்பதிவு கூடிவிட்டது, ஆட்சிக்கு எதிரான அலை' என்கிறார்கள். பதிவு சதவீதம் கூடினால் எதிர்ப்பு என்றுதானே பொருள்?
(விவசாயி, தர்மபுரி மாவட்டம்)

அப்படி ஒரு விதி இல்லை. முதலில், கூடியது ஆட்களா வகுத்தலா என்று பாருங்கள். வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் 2025 டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர்கள் நீங்கின. இறந்தவர்கள், ஊர் மாறியவர்கள், இரட்டைப் பதிவுகள் என்று காரணம் சொன்னார்கள். 1,200 பெயர் இருந்த பாகத்தில் 840 பேர் வாக்களித்தால் 70 சதவீதம். 150 பெயர் நீங்கி 1,050 ஆன பிறகு அதே 840 பேர் வந்தால் 80 சதவீதம். ஒருவர்கூட புதிதாக வரவில்லை, ஆனால் பத்து சதவீதம் 'கூடிவிட்டது'. அந்தத் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் உள்ள சதவீதங்களை ஒப்பிடவே வேண்டாம். வாக்களித்தோர் எண்ணிக்கையை எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்.

உங்கள் மாவட்டத்தில் திருப்பூர், பெங்களூர் என்று வேலைக்குப் போனவர்கள் அதிகம். வாக்குப்பதிவு வெள்ளிக்கிழமையா, விடுமுறை ஒட்டி வருகிறதா, அந்த வாரம் ஊர்த் திருவிழா உண்டா என்பவை பதிவை நன்றாகவே மாற்றும். வெளியூரில் நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்கள் படிவம் 8 கொடுத்துப் பெயரை அங்கே மாற்றிக்கொள்ளலாம். உள்ளூரில் வசித்தும் பெயர் விடுபட்டிருந்தால் படிவம் 6. தேர்தல் நாளன்று சாவடிக்குப் போய் வாதாடிப் பயனில்லை. பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு எந்த அட்டை இருந்தாலும் ஓட்டு இல்லை. ஆனால் பெயர் இருந்து, உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டால் டெண்டர் ஓட்டு கேளுங்கள், அது உங்கள் உரிமை. சீட்டில் முத்திரையிட்டு உறையில் வைப்பார்கள். வழக்கு வந்து நீதிமன்றம் கேட்டால்தான் எண்ணுவார்கள்.

ஓரிரு ஓட்டு என்ன செய்துவிடும் என்பவருக்கு ஒரு கணக்கு: 2016-இல் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49. நிராகரித்த தபால் வாக்குகள் 203. தலைமையாசிரியர் சான்றொப்பம் செல்லுமா என்ற கேள்வியில் அந்த வழக்கு 2019-இல் மறு எண்ணிக்கை உத்தரவு வரை போனது.

எங்கள் குடியிருப்புக்கென்று ஒரே சாவடி. எண்ணிக்கை முடிந்த மறுநாளே 'உங்க தெரு எங்களுக்குப் போடல' என்று சொல்லித் தண்ணீர் விடுவதில் பாரபட்சம் காட்டுகிறார்கள். ரகசிய வாக்கு என்பது பொய்யா?
(வாசகி, விழுப்புரம் மாவட்டம்)

உங்கள் தனி ஓட்டு யாருக்கும் தெரியாது. விவிபேட் சீட்டு ஏழு விநாடி உங்கள் கண்ணுக்குத் தெரிந்து பெட்டிக்குள் விழுந்துவிடும். அதில் உங்கள் பெயரோ உங்கள் வாக்காளர் வரிசை எண்ணோ இல்லை. 'மெஷினில் பார்த்துவிட்டோம்' என்று யாராவது மிரட்டினால் அது வெறும் மிரட்டல். ஆனால் தெருவின் ஓட்டு தெரிகிறது என்று நீங்கள் சொல்வது சரி. வாக்குச்சீட்டுக் காலத்தில், தேவையான இடங்களில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. இயந்திரம் வந்ததும் சாவடிக்குச் சாவடி தனி எண்ணிக்கை ஆனது. தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தலிலிருந்து முழுக்க இயந்திரம்தான். பல இயந்திரங்களின் வாக்கை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே முன்மொழிந்தது, சட்ட ஆணையம் 2015-இல் 255-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆய்வாளர்களுக்குப் பூத் கணக்கு கிடைக்காமல் போகும் என்று தயங்குவோர் உண்டு. மேலே மாணவிக்குச் சொன்ன வழிமுறைகளே அப்போது பாதி பயனற்றுப் போகும். அப்படிப் போனாலும் பரவாயில்லை. ஒரு குடியிருப்பின் குடிநீரைவிட எந்த ஆய்வும் பெரிதல்ல.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு தேர்தலுக்கும் முன் மாவட்டத் தேர்தல் அலுவலர் வரைவு வாக்குச்சாவடிப் பட்டியலை வெளியிட்டுக் கருத்துக் கேட்பார். உச்சவரம்பு 1,500-இலிருந்து 1,200 ஆகக் குறைந்ததால் இப்போது சாவடிகள் நிறையப் பிரிகின்றன. பிரிக்கும்போது உங்கள் குடியிருப்பைத் தனியாக வெட்டாமல், ஊரின் அடுத்த இரண்டு தெருக்களோடு சேர்த்து ஒரே சாவடியாக்கக் கேட்டு எழுத்தில் கொடுங்கள். தெருப் பெயர்கள், இப்போதைய பாக எண், வாக்காளர் எண்ணிக்கை, இரண்டு பகுதிக்கும் பொதுவான பள்ளிக் கட்டடம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பலர் கையெழுத்திட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நடந்து போகும் தூரம் இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்குமாறு பாருங்கள். அதைத் தாண்டினால் அந்தக் காரணத்தைச் சொல்லியே நிராகரித்துவிடுவார்கள். தண்ணீர்ப் பாரபட்சத்துக்குத் தனி மனு: எந்தெந்த நாளில், எந்த நேரத்தில், எந்தக் குழாயில் விடவில்லை என்று இரண்டு வாரம் குறித்து, செயல் அலுவலருக்கும் ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கும் கொடுங்கள். அந்த மனுவில் தேர்தலைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம். யாருக்கு ஓட்டுப் போட்டாலும் வர வேண்டிய தண்ணீர் அது.